வினாக்கொத்துக்களின் பெறுபேறுகளை ஒப்பிடலாமா?

அரசியலிலே தாம் எப்பக்கத்தினர், குணத்திலே எவ்வகையினர், சமய நம்பிக்கையிலே எந்நெறிக்கு அண்மையில் நிற்பவர் என்பனவற்றைச் சில நிமிட நேரத்துள் அறிவிப்பதாகக் கூறும் வினாக்கொத்துக்கள் இணையத்திலே பல உள. கைத்தொலைபேசியுடைய மாணாக்கருள் இவற்றில் ஒன்றையேனும் நிரப்பிப் பாராதார் மிகச் சிலரே. பெற்ற பெறுபேற்றைத் தோழரோடு ஒப்பிட்டு மகிழ்தலும், சில வேளை பிணங்குதலும் நிகழ்கின்றன. ஒரு மாணாக்கன் அரசியற் படத்திலே இடப்பக்கக் கீழ்மூலையில் ஒரு புள்ளியாக நிற்கின்றான். குணவகையிலே நான்கு எழுத்துக்களைப் பெறுகின்றான். சமய வினாக்கொத்திலோ, நாடோறும் திருநீறணிந்து கோயில் வழிபடும் அவனுக்கு இந்து சமயம் நான்காம் இடத்திலே வருகின்றது என வைத்துக்கொள்வோம். இம்மூன்றையும் ஒருங்குவைத்து அவனைப் பற்றி யாது கூறலாம்? அவன் தோழன் பெற்றவற்றோடு இவற்றை எவ்வாறு ஒப்பிடலாம்? அவ்வினாக்கொத்துக்கள் எவராற் செய்யப்பட்டன, எந்நாட்டு வழக்கை உட்கொண்டன, எண்ணை எவ்வாறு கணிக்கின்றன என்பனவற்றை நோக்கினாலன்றி இவ்வொப்பீடு கூடாது என்பதே எமது கருத்து. அதனைச் சில வினாக்கொத்துக்களை எடுத்துக்கொண்டு காட்டுவாம்.

முதற்கண் அரசியல். இடது, வலது என்னும் வழக்கு 1789 ஆம் ஆண்டிலே பிரான்சிய தேசிய மன்றத்தில் உறுப்பினர் அமர்ந்த முறையாற் பிறந்தது. மன்னருக்குத் தடையதிகாரம் வேண்டும் என்றோர் தலைவரின் வலப்பக்கத்தும், மறுத்தோர் இடப்பக்கத்தும் இருந்தனர். ஆசன வரிசையிலே தோன்றிய இவ்வொரு கோடு போதாது என்று கண்ட உளநூலாருள் ஒருவர் ஹான்ஸ் ஐசெங். அரசியலின் உளநூல் என்னும் பொருள்படத் தாம் 1954 இல் வெளியிட்ட நூலிலே, அக்கோட்டுக்குக் குறுக்கே வன்மனம், மென்மனம் என்னும் இன்னொரு கோட்டை அவர் வரைந்தார். அமெரிக்கரான டேவிட் நோலன் 1969 இல் வேறொரு படம் வகுத்தார். அதிலே ஓர் அச்சு பொருளாதாரச் சுதந்திரம், மற்றையது தனிமனித சுதந்திரம். இரு படங்களும் பார்வைக்கு ஒத்தன போலத் தோன்றினும் அச்சுக்கள் ஒன்றல்ல. வன்மனம் என ஐசெங் அளந்தது ஒருவருடைய மனப்பாங்கு; நோலன் அளந்தது அரசு எவ்வெவற்றிலே தலையிடலாம் என்பது பற்றிய கொள்கை. ஒன்றிலே பெற்ற இடத்தை மற்றையதிலே பெற்ற இடத்தோடு பொருத்துதல், ஒருவனுடைய உயரத்தை இன்னொருவனுடைய நிறையோடு பொருத்துவதையொக்கும்.

நோலனுடைய படத்தை அடியாகக் கொண்டது உலகின் மிகச் சிறிய அரசியல் வினாக்கொத்து எனப்படுவது. மார்ஷல் பிரிட்ஸ் என்பவர் 1985 இல் நிறுவிய சங்கமொன்று அதனைச் சிறு அட்டைகளில் அச்சிட்டு வழங்கிற்று. பின்னர் அஃது இணையத்திலும் ஏறிற்று. பத்தே கூற்றுக்கள், ஐந்து தனிமனித வாழ்வு பற்றியன, ஐந்து பொருளாதாரம் பற்றியன. உடன்பட்டால் 20 புள்ளி, ஐயுற்றால் 10, மறுத்தால் ஒன்றுமில்லை. நெடுங்காலம் வழங்கிய வடிவிலே பத்துக் கூற்றுக்களும் ஒரே திசையை நோக்கியன. எல்லாவற்றுக்கும் தலையசைக்கும் ஒருவன், அரசின் தலையீட்டை எவ்விடத்தும் வேண்டாத சுதந்திரவாதிகளின் மூலையிலே போய் நிற்பான். அச்சங்கம் அக்கொள்கையைப் பரப்புதற்கென்றே அமைந்தது. நோலனும் 1971 இல் அமெரிக்காவிலே சுதந்திரவாதக் கட்சியை நிறுவியோருள் ஒருவர். இதனை அவர்கள் ஒளித்தாரல்லர். நிரப்புவோர் கேட்டறிவதில்லை, அவ்வளவே.

அக்கூற்றுக்களுள் ஒன்று தேசிய அடையாள அட்டை கூடாது என்பது. அமெரிக்கர்க்கு இது கொள்கை பற்றிய வினா. அங்கே அத்தகைய பொது அட்டை இல்லை. இலங்கையிலோ 1972 முதல் அடையாள அட்டை வழங்கப்பட்டு வருகின்றது. அதனை இயல்பாகக் கொள்ளும் ஒருவர் அக்கூற்றை மறுத்து 20 புள்ளியை இழப்பார். சோதனைச் சாவடிகளிலே அவ்வட்டையை நீட்டிக்கொண்டு நின்ற ஆண்டுகளை மறவாத இன்னொருவர் உடன்பட்டு அப்புள்ளியைப் பெறுவார். இருவருடைய விடைக்கும் அமெரிக்கச் சுதந்திரவாதத்துக்கும் யாது தொடர்பு?

2001 இல் இணையத்திலே தோன்றிய 'பொலிற்றிக்கல் கொம்பஸ்', அஃதாவது அரசியல் திசைகாட்டி, இவற்றுள் மிகவும் பெயர் பெற்றது. இதன்கண் 62 கூற்றுக்கள் உள. முற்றாக மறுத்தல், மறுத்தல், உடன்படல், முற்றாக உடன்படல் என நான்கே விடை. நடுவே நிற்க இடமில்லை. றென்சிஸ் லிக்கேட் என்னும் அறிஞர் 1932 இல் வகுத்த விடைப்படியிலே நடுவிடை ஒன்று இருந்தது. அதனை எடுத்துவிட்டால், ஒரு விடயத்தைப் பற்றி ஒரு நாளும் எண்ணிப் பாராதவனும் ஒரு பக்கம் சாய்ந்தேயாகல் வேண்டும், அச்சாய்வும் புள்ளியாகும். முடிவிலே பொருளாதார இடது வலது கிடை அச்சிலும், அதிகாரச் சார்பு சுதந்திரச் சார்பு நிலைக்குத்து அச்சிலும், சய பத்து முதல் சக பத்து வரை காட்டப்படும்.

அக்கூற்றுக்களிடையே சோதிடம் பற்றிய ஒன்றும் உண்டு. அரசியலை அளக்குமிடத்துச் சோதிடம் ஏன் என்று வாசகர் வினவலாம். அதற்கொரு முன்வரலாறு உளது. நாசிக் கொடுமையின் பின்னர், எத்தகைய மனம் அதிகாரத்துக்கு எளிதில் அடிபணியும் என்பதைத் தியோடர் அடோர்னோவும் அவரோடு கூடிய அறிஞர் மூவரும் ஆராய்ந்து, அதிகாரச் சார்பு ஆளுமை பற்றிய பெருநூலை 1950 இல் அமெரிக்காவில் வெளியிட்டனர். அதன்கண் அமைந்த அளவுகோலிலே மூடநம்பிக்கை ஒரு கூறு. சோதிடத்தை ஏற்றல் அதற்கோர் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. அவர்கள் ஆராய்ந்த சமுதாயத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். யாழ்ப்பாணத்திலே இடதுசாரிக் கட்சியினர் வீட்டிலும் கலியாணத்துக்குச் சாதகம் பார்க்கப்படுவதை அறியாதார் இலர். மாப்பிள்ளை பார்க்கும்போது பொருத்தம் கேட்பவர், ஆட்சியாளர் சொல்வதெல்லாம் கேட்பவர் என்று கொள்வதற்கு யாதொரு நியாயமும் இல்லை. ஒரே விடை ஒரு நாட்டிலே மனத்தின் ஆழத்தைக் காட்டும். பிறிதொரு நாட்டிலே குடும்ப வழக்கத்தை மட்டும் காட்டும்.

இதன் மறுதலையும் உண்மை. கல்வியை அரசு இலவசமாக அளித்தல் வேண்டுமா என்னும் வினா அமெரிக்காவிலே கட்சிகளைப் பிரிக்கக்கூடும். 1945 முதல் இலவசக் கல்வியிலே வளர்ந்த இந்நாட்டிலே வலதுசாரி எனப்படுவோரும் அதனை வெளிப்படையாக எதிர்ப்பதில்லை. வகுப்பிலுள்ள எல்லோரும் சரியாக விடையளிக்கும் வினா, கெட்டிக்காரனையும் மற்றையோனையும் வேறுபடுத்தாது. பரீட்சை வினாத்தாள் ஆக்கிய ஆசிரியர் எவரும் இதனை அறிவர்.

சொல்லின் வலிமையையும் ஈண்டு நோக்குதல் தகும். 1940 இல் அமெரிக்காவிலே நிகழ்ந்து, டொனால்ட் றக் என்பவரால் மறுவாண்டு வெளியிடப்பட்ட சோதனை ஒன்றுண்டு. சனநாயகத்துக்கு எதிரான பேச்சுக்களை அனுமதிக்கலாமா என்று ஒரு சாராரையும், தடைசெய்தல் வேண்டுமா என்று மற்றொரு சாராரையும் கேட்டனர். கருத்தில்லை என்றோரை நீக்கிக் கணக்கிட்டால், முன்னையோருள் ஏறக்குறைய 75 வீதத்தினர் அனுமதிக்கலாகாது என்றனர். பின்னையோருள் 54 வீதத்தினரே தடைசெய்தல் வேண்டும் என்றனர். அனுமதியாமையும் தடைசெய்தலும் பொருளால் ஒன்றே. ஆயினும் தடை என்னும் சொல்லுக்கு மக்கள் அஞ்சினர். இரண்டு வினாக்கொத்துக்கள் ஒரே விடயத்தை வெவ்வேறு சொல்லாற் கேட்குமாயின், அவற்றின் பெறுபேறுகளிடையே தோன்றும் வேறுபாட்டை விடையளித்தவன் தலையிலே சுமத்தலாகாது.

வெவ்வேறு அளவுகோல்களாற் பெற்ற எண்களை ஒப்பிடும் வழியே இல்லையோ எனின், உண்டு. அதனை இலங்கை மாணாக்கர் பிற நாட்டாரினும் நன்கறிவர். க.பொ.த. உயர்தரத்திலே இணைந்த கணிதத்தில் 60 புள்ளி பெற்றவனையும் இந்து நாகரிகத்தில் 60 புள்ளி பெற்றவனையும் சமமென்று கொள்ளலாகாது என்பதனாலேயே, 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி கொள்ளப்படுகின்றது. ஒருவனுடைய புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய புள்ளிகளின் இடையைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுப்பர். அவன் தன்னோடு தோற்றியவரிடையே எங்கு நிற்கின்றான் என்பதே அதனாற் பெறப்படும். இங்கும் எச்சரிக்கை வேண்டும். 2011 இலே பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதினர். இரு திறத்தாரையும் ஒன்றாக்கிக் கணித்த இசட் புள்ளி செல்லாதென்று 2012 இல் உயர் நீதிமன்றம் கூறி, வெவ்வேறாகக் கணிக்கப் பணித்தது. பிள்ளைகள் பலருடைய எதிர்காலம் அக்கணக்கிலே தொங்கிற்று. இணைய வினாக்கொத்துக்களை நிரப்புவோரோ தாமாகவே தேடி வந்தோர். எந்நாட்டினர், எவ்வயதினர் என்று வரையறுக்கப்படாதோர். அரசியல் திசைகாட்டியிலே சய 4 பெற்றவன் தன் ஊரவரிடையே இடதோ வலதோ என்று அவ்வெண் கூறாது.

ஆளுமை பற்றியவற்றுள் பெரிதும் வழங்குவது மையேர்ஸ்–பிறிக்ஸ் வகைகாட்டி. காள் யுங் 1921 இல் எழுதிய உளவகைகள் பற்றிய நூலை அடியாகக் கொண்டு, கதரின் பிறிக்ஸ் என்னும் அம்மையாரும் அவர் மகளார் இசபெல் மையேர்ஸும் இதனை ஆக்கினர். அகநோக்கு, புறநோக்கு என்பன முதலாக நான்கு இணைகள். ஒவ்வோர் இணையிலிருந்தும் ஓர் எழுத்தாகப் பதினாறு வகை. குறை யாதெனின், மக்களுடைய புள்ளிகள் இரு முனையிலும் குவியாமல் நடுவிலேயே பெரிதும் குவிகின்றன. வகைகாட்டியோ நடுவிலே கோடு கீறி இருபுறமும் வெவ்வேறு எழுத்தை இடுகின்றது. கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் மயிரிழையில் நிற்கும் இருவர் வேறு வகையினராவர். அதே பக்கத்தின் கோடியில் நிற்பவனும் கோட்டருகே நிற்பவனும் ஒரு வகையினராவர். சித்தியெல்லை 35 ஆயின் 34 பெற்றவன் 36 பெற்றவனுக்கு அயலானாகி, 5 பெற்றவனுக்கு உறவினனாதல் போன்றதே இது. அதனாலேயே சில கிழமைகளின் பின் மீள நிரப்புவோருட் பலர் ஓர் எழுத்தேனும் மாறக் காண்கின்றனர். ஆட்சேர்ப்புக்கு இதனைப் பயன்படுத்தலாகாதென்று வெளியிடுவோரே கூறியுள்ளனர்.

இன்றைய உளநூலார் பெரிதும் கொள்வது ஐம்பெருங் கூறுகள் எனப்படும் முறை. ஓல்போற், ஓட்பேட் என்னும் இருவர் 1936 இல் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரைக் குறிக்கும் சொற்கள் 17,953 ஐத் தொகுத்தனர். பின்வந்தோர் அத்தகைய சொற்களைச் சுருக்கிச் சுருக்கி ஐந்து கூறுகளிலே கொண்டுவந்து நிறுத்தினர். இங்கே வகை இல்லை, அளவே உண்டு. பலரும் அறிந்த இணையத்தளம் ஒன்று, மையேர்ஸ்–பிறிக்ஸ் எழுத்துக்களை வைத்துக்கொண்டு ஐம்பெருங் கூறுகளையே உள்ளே அளந்து, ஐந்தாவதாக ஓர் எழுத்தையும் சேர்த்துக் கொடுக்கின்றது. ஆதலின் இரண்டு இடங்களிலே ஒரே நான்கு எழுத்தைப் பெற்றோரும் ஒரே பரீட்சையிலே சித்தியடைந்தோர் அல்லர். இவ்விடத்துப் பகவத்கீதை நினைவுக்கு வருகின்றது. அதன் பதினேழாம் அத்தியாயம் உணவு, வேள்வி, தவம், தானம் என்பனவற்றைக் கொண்டே ஒருவருடைய குணத்தை அறியக் காட்டுகின்றது. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதற்கு இதனைக் கூறினேமல்லேம். முக்குணமும் எவரிடத்தும் உள, ஒரு வேளை ஒன்று ஏனைய இரண்டையும் மேற்கொள்ளும் என்று பதினான்காம் அத்தியாயம் கூறுவது, மனிதரைப் பெட்டிகளில் அடைக்கும் முறைக்கு மாறானது என்பதற்காகவே கூறினேம்.

'எனக்கு வந்த விவரணம் அப்படியே என்னைக் காட்டுகின்றதே' என்பார்க்கு விடை 1948 இலேயே கிடைத்துவிட்டது. பேட்ரம் போரர் என்னும் அமெரிக்க ஆசிரியர் தம் மாணாக்கர் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை ஒன்றை நடத்தி, ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே விவரணம் கொடுத்து, அது தமக்கு எவ்வளவு பொருந்துகின்றது என்று ஐந்துக்குப் புள்ளியிடச் சொன்னார். சராசரி 4.26. பின்னர் பார்த்தால் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே விவரணம். சோதிட நூலொன்றைப் பார்த்து அவர் தொகுத்தது. 'பிறர் உம்மை மதிக்க வேண்டுமென விரும்புகின்றீர்; சில வேளை உம்முடைய முடிவுகளை ஐயுறுகின்றீர்' என்ற பாங்கிலே எழுதினால் யார்தாம் மறுப்பர்? சோதிடத்தை நம்புவோரை அளப்பதற்கு எழுந்த துறை, தானும் சோதிடரின் நடையையே கையாள்கின்றது என்பது சற்று நகைப்புக்குரியதே.

இவை இலவசமாகக் கிடைப்பதும் ஆராயத்தக்கது. பேஸ்புக்கிலே ஆளுமை வினாக்கொத்தொன்றை ஏறக்குறைய 270,000 பேர் நிரப்ப, அவர்தம் நண்பர்களுடைய விவரங்களும் சேர்ந்து 87 மில்லியன் பேர் வரையினருடைய தரவுகள் கேம்பிறிட்ஜ் அனலிற்றிக்கா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கையை அடைந்திருக்கலாம் என்பது 2018 இலே வெளிவந்தது. குணத்தை அறிந்து அதற்கேற்ப வாக்குக் கேட்பதே நோக்கம்.

இனிச் சமயம். பிலீஃப்நெற் என்னும் இணையத்தளத்தார் வழங்கிய 'பிலீஃப்-ஓ-மற்றிக்' என்பதை எடுத்துக்கொள்வோம். இருபது வினாக்கள், ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு முக்கியம் என்றும் குறித்தல் வேண்டும். முடிவிலே 27 நெறிகள், பொருத்தம் மிக்கது முதலாக, நூற்றுவீதத்தோடு வரிசைப்படுத்தப்படும். முதலிலே நிற்பதற்கு எப்பொழுதும் 100 வீதம். இதனைப் பலர் முழு உடன்பாடு என்று கொள்கின்றனர், அன்று. வகுப்பிலே முதலாம் பிள்ளை பெற்ற 58 புள்ளியை நூறாக்கி, ஏனையோருடைய புள்ளிகளையும் அவ்விகிதத்திலே உயர்த்துவது போன்றது. ஆதலின் ஒருவனுடைய 90 வீதத்தை மற்றொருவனுடைய 90 வீதத்தோடு ஒப்பிட இடமில்லை; அவரவர்க்கு நூறு என்பது வேறுவேறு.

முதல் வினா கடவுளின் தொகையும் இயல்பும் பற்றியது. உடம்புடைய ஒரே கடவுள், உடம்பில்லாத ஒரே கடவுள், ஒன்றன் கூறுகளாகவோ வெவ்வேறாகவோ கருதப்படும் பல தெய்வங்கள், ஆளல்லாத பரம்பொருள், அருவமான பரம்பொருளும் ஆளாகிய கடவுளுமாய் இருப்பது, கடவுள் இல்லை என இவ்வாறு விடைகள் செல்கின்றன. சைவசித்தாந்தம் கற்ற மாணாக்கன் இங்கே தயங்குவான். இறைவன் அருவம், உருவம், அருவுருவம் என்னும் மூன்றுமாய் நிற்பவன், அவற்றைக் கடந்த சொரூப நிலையும் உடையவன் என்பது அவன் கற்றது. இரண்டுமாய் இருப்பது என்பதை ஒருவாறு தெரிவான். ஒரே கடவுள் என்னும் விடைகளிலே படைப்போன் என்ற அடையும் உண்டு. அதனை ஏற்கலாமோ எனின், பதியைப் போலவே பசுவும் பாசமும் அநாதி என்பவன், இல்லதிலிருந்து உயிரைப் படைத்த கடவுளை ஏற்கமாட்டான். அத்துவைதியோ ஆளல்லாத பரம்பொருள் என்பதையே பெரும்பாலும் தெரிவான். இவ்விருவரும் நூற்றாண்டுகளாக வாதிட்டுவரும் வேறுபாட்டுக்கு அவ்வரிசையிலே இடமில்லை. இந்து சமயம் என ஒரே பெயரே உண்டு. கிறித்தவத்துக்கோ உரோமன் கத்தோலிக்கம், கிழக்கு மரபுத் திருச்சபை எனப் பல பெயர்கள் உள. குவேக்கர் என்னும் சிறு குழுவினர்க்கே இரண்டு இடம் உண்டு. அளப்பவன் எவ்விடத்து நின்று பார்க்கின்றான் என்பது இதனாற் புலனாகும்: அண்மையிலுள்ளவற்றை நுணுக்கமாகவும் சேய்மையிலுள்ளவற்றை ஒரு திரளாகவும் காண்கின்றான்.

இன்னும் ஒன்று. அவ்விருபதிலே கடவுள், படைப்பு, மறுமை பற்றியவற்றோடு கருக்கலைப்பு, மணவிலக்கு, பெண்ணின் கடமை என்பன பற்றிய வினாக்களும் உள. இவற்றிலே தாராளமாக விடையளிப்பவன் குவேக்கரின் தாராளப் பிரிவு, யூனிற்றேறியன் யூனிவேசலிசம் போன்ற நெறிகளை நோக்கித் தள்ளப்படுவான். பின்னது 1961 இலே அமெரிக்காவில் இரு திருச்சபைகள் இணைந்து உண்டானது. கட்டாயக் கோட்பாடு எதனையும் விதியாதது. விதியாத நெறி எவருடைய விடையோடும் பெரிதும் முரணாது. கருக்கலைப்பு முதலியன அரசியல் வினாக்கொத்திலும் வருவன. ஆதலின் 'அரசியலிலும் தாராளம், சமயத்திலும் தாராளம். இரண்டும் ஒத்திருத்தலால் இரண்டும் மெய்' என்று ஒருவன் மகிழ்வானாயின், ஒரே வினாவை இருமுறை கேட்டு ஒரே விடையை இருமுறை பெற்றதையே அவன் சான்றாகக் கொள்கின்றான். மறுபுறம், திருநீறு அணிகின்றாரா, தேவாரம் ஓதுகின்றாரா, யார் ஊட்டிய சோற்றோடு யார் சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்தார் என்பன கேட்கப்படுவதில்லை. சமயம் என்பது மனத்திலுள்ள கூற்றுக்களின் தொகுதி என்னும் எண்ணமே அங்கு அடிப்படை. கோயிலோடு வளர்ந்த மாணாக்கனுக்கு இந்து சமயம் நான்காம் இடத்தில் வருவதற்கு இவை போதிய காரணமாகும்.

நெறிகளைத் தூரத்தால் வரிசைப்படுத்தல் எமக்குப் புதிதன்று. மணிமேகலையின் இருபத்தேழாம் காதை, அவள் வஞ்சி நகரிலே பல்வேறு சமயக் கணக்கரையும் அடைந்து அவர்தம் கொள்கையை அவர் வாயாலேயே கேட்டதைக் கூறுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்திலே உலகாயதம் முதற் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு மதங்களை எடுத்து, ஒவ்வொன்றன் கொள்கையையும் முன்னர் உரைத்துப் பின்னரே மறுத்தார். சித்தாந்த மரபு சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என வகுத்தது. இது நடுநிலையான வரிசை அன்று. சித்தாந்தத்தை நடுவில் வைத்து அளந்தது. ஆயின் நடுவிலே எது நிற்கின்றது என்று வெளிப்படக் கூறிற்று. இணைய வினாக்கொத்து, நிரப்புபவனே நடுவில் நிற்பதாகக் காட்டுகின்றது. எவ்விடை எச்சமயத்துக்கு உரியது என்று முடிவுசெய்த திறவுகோலை அவன் காண்பதில்லை.

ஒப்பிட விரும்பும் மாணாக்கர், ஒரே வினாக்கொத்தை ஆறு மாதம் கழித்து மீள நிரப்பித் தம்முடைய முன்னை விடைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடலாம். எவ்விடை மாறிற்று, ஏன் மாறிற்று என்று எழுதி வைக்கலாம். இருவர் ஒப்பிடுவதாயின், முடிவுப் பக்கத்தை மூடிவிட்டு வினாப் பக்கத்தைத் திறந்துகொள்ளல் நன்று. இந்து சமயம் 100 வீதம் என இருவரும் ஒருங்கே பெற்றிருப்பினும், முதல் வினாவுக்கு ஒருவன் ஆளல்லாத பரம்பொருள் என்றும் மற்றவன் இரண்டுமாய் இருப்பது என்றும் விடையளித்திருத்தல் கூடும். அவ்விருவரும் பேசுதற்குரிய விடயம் அவ்விடத்திலே தொடங்குகின்றது.